ஓர் ஆர்என்ஏ ஏறியிருக்கிறது, சரி, என்ன செய்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

முதலாமாண்டு ஆராய்ச்சி மாணவி ஒருத்தி சென்ற மாதம் ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தாள். புராஸ்டேட் (ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி) புற்றுநோய்த் திசுவில் அளவு கூடியிருக்கும், புரதம் தராத ஆர்என்ஏக்கள் (மரபணுவின் டிஎன்ஏவிலிருந்து செல் எடுக்கும் படிகள்) பதினொன்றின் பெயர்கள் அதில் இருந்தன.

"அக்கா, இவையெல்லாம் புற்றுநோய் மரபணுக்களைக் கட்டுப்படுத்துகின்றன."

"யார் சொன்னது?"

"எட்டு மடங்கு ஏறியிருக்கின்றனவே."

கல்யாண வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருக்கும். அவற்றை எண்ணி உள்ளே எத்தனை பேர் என்று சொல்லலாம்; ஆனால் செருப்பு கல்யாணத்தை நடத்துவதில்லை. ஓர் ஆர்என்ஏ ஏறியிருப்பது இந்த வகையாகவும் இருக்கலாம், உண்மையிலேயே இன்னொரு மரபணுவை அடக்குவதாகவும் இருக்கலாம். எது என்று மேசையில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பன்னிரண்டு வருடங்களாகச் செல்களோடு மல்லுக்கட்டியவள் என்ற உரிமையில், அவளுக்காக எழுதத் தொடங்கிய குறிப்பு இது.

உதாரணத்துக்கு பிசிஏ3 என்ற ஆர்என்ஏவை எடுத்துக்கொள்கிறேன். இது 1999இல் டிடி3 என்ற பெயரில் வெளியானது. அறுவை சிகிச்சையில் எடுத்த 56 புராஸ்டேட் கட்டிகளில் 53இல் மிக அதிகமாக இருந்தது. 9ஆம் குரோமோசோமில், பிரூன்2 என்ற மரபணுவின் 6ஆம் இன்ட்ரானுக்குள் (ஆர்என்ஏவிலிருந்து பின்னர் வெட்டி நீக்கப்படும் பகுதி), அதற்கு எதிர்த்திசையில் உட்கார்ந்திருக்கிறது. பதினாறு வருடங்கள் அது ஓர் அடையாளமாக மட்டுமே இருந்தது. 2015இல்தான் ஒரு வேலை சொல்லப்பட்டது: பிசிஏ3 ஆர்என்ஏ, பிரூன்2வின் வெட்டி ஒட்டப்படாத முன்னோடி ஆர்என்ஏவோடு இணைந்து இரட்டை இழை ஆகிறது, ஏடார் என்ற நொதி அந்த இரட்டை இழையில் அடினோசின் (ஏ) எழுத்துகளை ஐனோசின் என்ற எழுத்துகளாக மாற்றுகிறது, பிரூன்2 குறைகிறது. பிரூன்2 கட்டியை அடக்கும் பக்கத்து ஆள். ஆக, அது குறைந்தால் கட்டிக்குக் கொண்டாட்டம்.

இந்த ஒரு வாக்கியச் சங்கிலியில் சோதிக்க வேண்டிய கண்ணிகள் நான்கைந்து இருக்கின்றன. உங்கள் ஆர்என்ஏவுக்கும் இப்படி ஒரு சங்கிலியை முதலில் எழுதிவிடுங்கள். எழுத வரவில்லையென்றால் பைப்பெட்டைத் தொட வேண்டாம்.

செல்லைத் தேர்ந்தெடுப்பது

புராஸ்டேட் ஆய்வகங்களில் எல்லோரும் கையாளும் எல்என்கேப் செல்கள் 1977இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில், ராஸ்வெல் பார்க் நிலையத்தில், ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலிருந்த நிணநீர்க் கணுவிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பி உண்டு, பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் புரதத்தைச் சுரக்கும், பிசிஏ3 இருக்கிறது. எலும்பில் பரவிய கட்டியிலிருந்து வந்த பிசி-3, மூளையில் பரவியதிலிருந்து வந்த டியு145 இரண்டும் வேகமாக வளரும், தட்டில் நன்றாக ஒட்டும், கையாளச் சுகம். ஆனால் அவற்றில் ஆண்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்வதில்லை, பிசிஏ3-யும் இல்லை. இல்லாத பிசிஏ3-ஐக் குறைத்துக் காட்டி என்ன பயன்? சுகத்துக்காகச் செல்லைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

எல்என்கேப் தட்டில் சரியாக ஒட்டாது. மீடியம் (செல் வளரும் நீர்மம்) மாற்றும்போது குழாயைச் சுவரோடு வைத்து மெதுவாக ஊற்றாவிட்டால், தாள் தாளாகப் பெயர்ந்து மிதக்கும். பாலிலைசின் பூசிய தட்டு வாங்குங்கள். பிரித்து வளர்த்த எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டே வாருங்கள். எண்பதைத் தாண்டிய எல்என்கேப் ஆண்ட்ரோஜனைச் சட்டை செய்யாமலே வளரத் தொடங்கிவிடும். நான் முப்பதுக்கு மேல் போக விடுவதில்லை.

அடுத்தது ஹார்மோன். ஹார்மோன்களை நீக்கக் கரி கொண்டு வடித்த சீரத்தில் மூன்று நாள் பட்டினி போட்டு, பிறகு ஆர்1881 என்ற செயற்கை ஆண்ட்ரோஜனை 1 நானோமோலார் அளவில் 24 மணி நேரம் கொடுங்கள். ஃபீனால் ரெட் என்ற சாயம் கலந்த மீடியம் வேண்டாம். காரணம் தெரிந்துகொண்டால் மறக்காது: எல்என்கேப்பின் ஆண்ட்ரோஜன் ஏற்பியில் 877ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் அலனின் இருக்கிறது. அதனால் பூட்டு தளர்ந்துபோய் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டெரோன் என்று வேறு சாவிகளுக்கும் திறந்துகொள்கிறது. ஃபீனால் ரெட் லேசான ஈஸ்ட்ரோஜன் குணம் கொண்டது. பட்டினி என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். செல் திண்ணையில் உட்கார்ந்து நொறுக்குத் தீனி தின்றுகொண்டிருக்கும்.

ஆர்1881 கொடுத்த பிறகு முதலில் பிஎஸ்ஏவின் மரபணுவான கேஎல்கே3-ஐ அளந்து பாருங்கள். அது ஏறவில்லையென்றால் அந்தத் தட்டை அப்படியே கழித்துவிடுங்கள். மற்ற எதையும் அளக்க வேண்டாம்.

நான்கு மாதம் டிஎன்ஏவை அளந்த கதை

ஆர்என்ஏவை எடுக்க, செல்லை உடைக்கும் ட்ரைசால் கரைசலை ஊற்றி, குளோரோஃபார்ம் சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் மூன்று அடுக்கு தெரியும். மேலே தெளிந்த நீர், நடுவில் வெள்ளைப் படலம், கீழே இளஞ்சிவப்பு. ஆர்என்ஏ மேலே இருக்கிறது, டிஎன்ஏ நடுப்படலத்தில் இருக்கிறது. பேராசை பிடித்து மேல் நீரை முழுவதும் உறிஞ்சினால் படலமும் கூட வரும். ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள்.

நான் விடவில்லை. அப்போது வேறோர் ஆய்வகத்தில் இருந்தேன். என் ஆர்என்ஏ ஒற்றை எக்ஸான் (இன்ட்ரானை வெட்டியபின் மிஞ்சும் பகுதி) கொண்டது. அதாவது டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் ப்ரைமருக்கு (அளக்கும் இடத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏத் துண்டு) ஒரே மாதிரிதான் தெரியும். நான்கு மாதம் அழகழகான வரைபடங்கள் போட்டேன். ஒருநாள் மூத்தவர் ஒருவர், "ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாத டியூப் எங்கே?" என்று கேட்டார். ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் நொதி அது; அதைப் போடாத டியூபில் தெரிவது கலந்த டிஎன்ஏதான். நான் வைக்கவில்லை. அன்று மாலையே வைத்துப் பார்த்தேன். நொதி போட்ட டியூபில் சிடி மதிப்பு (பிசிஆரில் எத்தனையாவது சுற்றில் தெரியவந்தது என்ற எண்) 26, போடாததில் 27. ஒரு சுற்று வித்தியாசம் என்றால் இரண்டு மடங்கு; ஆக, நான் ஆர்என்ஏ என்று கொண்டாடியதில் பாதி டிஎன்ஏ. அன்று நான் சாப்பிடவில்லை.

டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியைக் கட்டாயம் போடுங்கள். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாத டியூபின் சிடி, போட்டதைவிடக் குறைந்தது ஏழு சுற்று தள்ளியிருக்க வேண்டும். ஏழு சுற்று என்றால் 128இல் ஒரு பங்கு, ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதற்கு மேல் கறை இருந்தால் திரும்ப எடுங்கள்.

பிசிஏ3 போன்றவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. அதே இடத்தில் எதிர் இழையில் பிரூன்2வின் முன்னோடி ஓடுகிறது. எல்லா ஆர்என்ஏவையும் படியெடுக்கும் தற்செயல் ப்ரைமர்களைப் போட்டால் இரண்டு இழையும் சிடிஎன்ஏ (ஆர்என்ஏவிலிருந்து படியெடுத்த டிஎன்ஏ) ஆகிவிடும். பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியாது. பிசிஏ3-ஐ அளக்க, இரண்டு எக்ஸான்கள் சேரும் விளிம்பின் மேல் உட்காரும் ப்ரைமரைப் பயன்படுத்துங்கள். பிரூன்2வின் இன்ட்ரானில் அந்த விளிம்பு இருக்காது. பிரூன்2 முன்னோடியை அந்த இடத்திலேயே அளக்க வேண்டுமானால், அந்த இழைக்கு மட்டும் ஒட்டும் ப்ரைமரால் சிடிஎன்ஏ செய்யுங்கள். ப்ரைமரே போடாத ஒரு டியூபும் வையுங்கள், ஏனென்றால் ஆர்என்ஏ சில சமயம் தானே மடங்கித் தனக்குத் தானே ப்ரைமராகிவிடும்.

ஒப்பீட்டு மரபணுவாக ஜிஏபிடிஹெச் வேண்டாம். எல்லோரும் போடுகிறார்கள், தெரியும். எல்என்கேப்பில் ஆண்ட்ரோஜன் கொடுத்தால் அதுவும் அசைகிறது. அசையும் முழக்கோலால் துணியை அளக்க முடியாது. எச்பிஆர்டி1, டிபிபி என்ற மரபணுக்கள் இரண்டையும் சேர்த்து வைத்து அளக்கிறேன்.

எத்தனை, எங்கே

மடங்குக் கணக்கை மட்டும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு செல்லுக்கு எத்தனை படிகள் (நகல்கள்) என்று கணக்கிடுங்கள். ஆர்என்ஏவின் செயற்கைப் படியைத் தெரிந்த அளவுகளில் கரைத்து ஒரு நேர்கோடு போட்டால் போதும். ஒரு லட்சம் செல்லின் ஆர்என்ஏவில் ஐந்து லட்சம் படிகள் இருந்தால் செல்லுக்கு ஐந்து. எட்டு மடங்கு ஏறி ஐந்து என்றால், ஏறுவதற்கு முன் ஒன்றுகூட இல்லை. மைக்ரோ ஆர்என்ஏவை (மற்ற ஆர்என்ஏக்களோடு ஒட்டி அவற்றை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) உறிஞ்சிக்கொள்ளும் பஞ்சு என்று எதையாவது சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். செல்லில் ஆயிரக்கணக்கில் மிதக்கும் மைக்ரோ ஆர்என்ஏவை ஐந்து பேர் எப்படிப் பிடித்து வைப்பார்கள்?

பஞ்சுக் கதைக்கு நல்ல உதாரணமும் உண்டு. 2010இல் பிடென்பி1 என்ற போலி மரபணுவின் ஆர்என்ஏ, கட்டியை அடக்கும் பிடென் மரபணுவைத் தாக்கும் மைக்ரோ ஆர்என்ஏக்களைத் தன் பக்கம் இழுத்துப் பிடெனைக் காப்பாற்றுகிறது என்று டியு145 செல்லில் காட்டினார்கள். அதை எல்என்கேப்பில் திரும்பச் செய்யப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினார். எல்என்கேப்பில் பிடென் புரதமே கிடையாது. செல்லின் ஜாதகத்தைப் படிக்காமல் சோதனை செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. செல்களை மென்மையான டிடர்ஜென்ட்டில், பனிக்கட்டி மேல் வைத்து ஐந்து நிமிடம் உடையுங்கள். மெதுவாகச் சுற்றினால் உட்கரு அடியில் தங்கும், சைட்டோபிளாசம் மேலே நிற்கும். இரண்டிலும் தனித்தனியாக ஆர்என்ஏ எடுங்கள். மலாட்1 என்ற ஆர்என்ஏ உட்கருவில் இருக்க வேண்டும், ரைபோசோம் புரதம் ஒன்றின் எம்ஆர்என்ஏ (புரதம் தரும் ஆர்என்ஏ) வெளியே இருக்க வேண்டும். இவை இரண்டும் தத்தம் இடத்தில் இல்லையென்றால் பிரித்தது சரியில்லை. உட்கருவுக்கு அடையாளமாக எக்ஸிஸ்ட்டைத் தேடி ஒரு மாணவன் இரண்டு நாள் செலவழித்தான். அது பெண் செல்களில் ஒரு எக்ஸ் குரோமோசோமை மூடும் ஆர்என்ஏ. புராஸ்டேட் யாருக்கு இருக்கிறது என்று அவனை மெதுவாகத்தான் கேட்டேன்.

பிசிஏ3-க்குச் சொல்லப்படும் வேலை உட்கருவில்தான் நடக்க முடியும். வெட்டி ஒட்டப்படாத முன்னோடி அங்கேதான் இருக்கிறது. உங்கள் ஆர்என்ஏ முழுக்க உட்கருவில் இருந்தால், சைட்டோபிளாசத்தில் மைக்ரோ ஆர்என்ஏவைப் பிடிக்கிறது என்ற கதையைக் கைவிடுங்கள். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் கதைகள் விழுந்துவிடும். ஒரு மதியம் போதும். ஆனாலும் எல்லோரும் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

எடுத்துவிட்டுப் பார்ப்பது

உட்கருவில் இருக்கும் ஆர்என்ஏவைக் குறைக்க கேப்மர் என்ற செயற்கைத் துண்டு நல்லது. நடுவில் டிஎன்ஏ, இரு முனைகளிலும் இறுகப் பிடிக்கும் மாற்றிய எழுத்துகள். ஆர்என்ஏவோடு ஒட்டியதும் உட்கருவிலேயே இருக்கும் ஆர்என்ஏஸ் ஹெச் என்ற நொதி வந்து வெட்டும். எஸ்ஐஆர்என்ஏ (இலக்கு ஆர்என்ஏவைக் குறைக்கும் குட்டி ஆர்என்ஏ) சைட்டோபிளாசத்தில் கைதேர்ந்தது, உட்கருவில் அரைகுறை. வெவ்வேறு இடங்களைக் குறிவைக்கும் இரண்டு கேப்மர்களாவது வேண்டும், எதையும் குறிவைக்காத ஒன்றும் வேண்டும். 48 மணி நேரத்தில் ஆர்என்ஏவைப் பாருங்கள். புரதத்துக்கு 72 மணியாவது பொறுங்கள். எல்லாத் தட்டிலும் ஆர்1881 இருக்கட்டும், ஏனென்றால் ஆண்ட்ரோஜன் இல்லாவிட்டால் பிசிஏ3-யே இறங்கிவிடும். யார் இறக்கியது என்று தெரியாமல் போகும்.

பிசிஏ3 இறங்கினால் பிரூன்2 ஏற வேண்டும். இரண்டு கேப்மரிலும் ஏற வேண்டும். ஒன்றில் ஏறி மற்றொன்றில் ஏறாவிட்டால், அந்த ஒன்று வேறெதையோ வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "முதல் கேப்மர் நன்றாக வேலை செய்தது, அதை மட்டும் படத்தில் போடலாமா அக்கா?" என்று கேட்டவர்கள் உண்டு. கூடாது.

கிறிஸ்பர் கொண்டு டிஎன்ஏவிலேயே வெட்டிவிடலாமே என்று தோன்றும். இங்கே வேண்டாம். பிசிஏ3-ஐ வெட்டினால் பிரூன்2வின் இன்ட்ரானையும் வெட்டுகிறீர்கள். வெட்டாமல் ஒட்டி மட்டும் நிற்கும் டிகாஸ்9 புரதத்தை அங்கே உட்கார வைத்து அடைத்தாலும், பிரூன்2வைப் படியெடுத்துக்கொண்டு வரும் பாலிமரேஸ் வழியில் முட்டி நிற்கலாம். பிறகு பிரூன்2 மாறியது பிசிஏ3 போனதாலா, பாதை அடைபட்டதாலா? கேப்மரில் இந்தத் தொல்லை இல்லை. பிசிஏ3-க்கு எதிராகச் செய்த கேப்மர் பிரூன்2 முன்னோடியின் அதே எழுத்துகளைக் கொண்டிருக்கும், ஆகவே அதில் ஒட்டாது. ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கும் மரபணுக்களுக்கெல்லாம் இதே எச்சரிக்கைதான்.

எடுத்தது போதாது, திருப்பிக் கொடுத்தும் பார்க்க வேண்டும். கேப்மர் ஒட்டும் இடத்தில் மட்டும் எழுத்துகளை மாற்றிய பிசிஏ3-ஐ ஒரு பிளாஸ்மிட்டில் (வட்ட டிஎன்ஏ) வைத்துச் செல்லுக்குள் அனுப்புங்கள். பிரூன்2 மறுபடி இறங்கினால்தான் நம்பிக்கை வரும்.

அடுத்து நடுக்கண்ணி: ஏடார். ஏடார்1-ஐ எஸ்ஐஆர்என்ஏவால் குறைத்துவிட்டு அதே சோதனையைச் செய்தால், பிசிஏ3 இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரூன்2வில் வித்தியாசம் தெரியக் கூடாது. அத்துடன், இரட்டை இழை உருவாகும் பகுதியைச் சீக்வென்ஸ் செய்யுங்கள், அதாவது எந்திரத்தில் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஐனோசினை எந்திரம் ஜி என்று படிக்கும். ஆகவே டிஎன்ஏவில் ஏ இருந்த இடத்தில் ஆர்என்ஏவில் ஏ, ஜி இரண்டு சிகரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். அதே தட்டுச் செல்லின் டிஎன்ஏவையும் கூடவே படியுங்கள். டிஎன்ஏவிலேயே ஜி இருந்தால் அது அந்த மனிதரின் பிறவி எழுத்து. ஏடாருக்கு அதில் பங்கில்லை.

மைக்ரோ ஆர்என்ஏ என்றால்

இது சுலபம், அதனால்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். மிர்-34ஏ-வை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியை அடக்கும் பி53 புரதம் ஏற்றிவிடும் மைக்ரோ ஆர்என்ஏ. புராஸ்டேட் புற்றுநோயின் தண்டு செல்களில் சிடி44 என்ற செல் மேற்பரப்புப் புரதத்தை அடக்குகிறது என்று 2011இல் காட்டப்பட்டது. அதன் இரண்டாம் எழுத்திலிருந்து எட்டாம் எழுத்து வரை: ஜி-ஜி-சி-ஏ-ஜி-யு-ஜி. இதுதான் விதைப்பகுதி. இலக்கு எம்ஆர்என்ஏவில் இதற்கு இணையாக சி-ஏ-சி-யு-ஜி-சி-சி இருக்கிறதா என்று வால் பக்கமான 3 முனைப் பகுதியில் தேடுங்கள். கணினி தேடித் தரும். ஆனாலும் ஒருமுறை பென்சிலால் தாளில் எழுதி ஒட்டிப் பாருங்கள், கை மறக்காது.

ஏழு எழுத்து எங்கும் தற்செயலாகக் கிடைக்கும். ஆகவே அந்தப் பகுதியை ஒளி தரும் லூசிஃபெரேஸ் மரபணுவுக்குப் பின்னால் ஒட்டி ஒளி குறைகிறதா என்று பாருங்கள். பிறகு ஏழில் மூன்று எழுத்தை மாற்றி அதே சோதனை. மாற்றியதில் ஒளி திரும்பி வர வேண்டும். மாற்றாததை மட்டும் காட்டும் படத்தை நான் பார்ப்பதே இல்லை. உண்மையான சிடி44 புரதமும் இறங்குகிறதா என்று பார்க்க எல்என்கேப் உதவாது, அதில் சிடி44 மிகக் குறைவு. இங்கே பிசி-3 பொருத்தம். ட்ரைசாலுக்குப் பதில் வடிகட்டிக் குழாயில் ஆர்என்ஏவை எடுப்பவர்கள் சிறிய ஆர்என்ஏவுக்கென்று எத்தனால் அளவைக் கூட்டிய முறையைக் கையாளுங்கள். சாதாரண வடிகட்டிக் குழாய் இருபத்திரண்டு எழுத்துக்காரர்களைக் கழுவி ஊற்றிவிடும்.

அச்சில் வந்துவிட்டதே என்பவர்களுக்கு

2013இல் பிசிஜெம்1, பிஆர்என்சிஆர்1 என்ற இரண்டு ஆர்என்ஏக்கள் ஆண்ட்ரோஜன் ஏற்பியோடு ஒட்டி, ஹார்மோன் இல்லாமலே அதை இயக்குகின்றன என்று பெரிய ஆய்விதழில் வெளியானது. மறுவருடமே வேறொரு குழு, தாங்கள் பார்த்த வரையில் இரண்டுமே அப்படி ஒட்டவில்லை, ஹார்மோனை மீறிய நோயிலும் அவற்றுக்குப் பங்கில்லை என்று எழுதியது. எஸ்சிலாப்1 என்ற ஆர்என்ஏவின் கதை இன்னும் சுவையானது. நோய் பரவும் ஆபத்துக்கு அது வலுவான அடையாளம். ஆனால் குரோமாட்டினை (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த கட்டு) திறக்கும் ஸ்விஸ்னிஃப் புரதக் கூட்டத்தை அது டிஎன்ஏவிலிருந்து விரட்டுகிறது என்று 2013இல் சொன்னதை, 2019இல் வந்த ஆய்வு மறுத்தது: ஒட்டுகிறது, விரட்டவில்லை. அடையாளம் உண்மையாகவும் விளக்கம் தவறாகவும் இருக்க முடியும்.

இதை மருத்துவமனைப் பக்கமிருந்தும் பார்க்கலாம். 2012இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பிசிஏ3 சிறுநீர்ச் சோதனைக்கு அனுமதி கொடுத்தது. முதல் பயாப்சியில் ஒன்றும் தெரியாதவருக்கு மறுபடி ஊசியால் திசு எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்வதற்காக. மருத்துவர் ஆசனவாய் வழியே விரலால் புராஸ்டேட்டை அழுத்திய பின் வரும் முதல் சிறுநீரை எடுக்கிறார்கள். அதில் எத்தனை புராஸ்டேட் செல் வந்தது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே பிசிஏ3 படிகளைப் பிஎஸ்ஏ எம்ஆர்என்ஏ படிகளால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குகிறார்கள். 25க்குக் கீழே என்றால் மறு பயாப்சியில் புற்றுநோய் அகப்படும் வாய்ப்பு குறைவு. இந்தச் சோதனைக்கு பிரூன்2 தேவைப்படவில்லை, ஏடார் தேவைப்படவில்லை. 2015இன் விளக்கம் நாளை மாறினாலும் அந்த 25 மாறாது.

அந்த மாணவியின் பதினொன்றுக்கு வருகிறேன். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாத டியூபில் மூன்று கழன்றன. செல்லுக்கு ஒரு படிகூட இல்லாதவை நான்கு. உட்கருவுக்குள்ளேயே இருந்துகொண்டு பஞ்சு வேடம் போட்டவை இரண்டு. மீதி இரண்டில் ஒன்றின் முதல் கேப்மர் வேலை செய்கிறது. இரண்டாவது கேப்மர் நேற்று வந்து சேர்ந்தது. மைனஸ் 20 பெட்டியில் மூன்றாவது தட்டில், பச்சை மூடி போட்ட டியூபில் இருக்கிறது. திங்கட்கிழமை செல் போடுகிறாள்.